கிட்டப்பார்வைக்குக் காரணம் தேடும் கணக்கு

1999-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வு வெளியானது. பிலடெல்பியாவில் 479 பிள்ளைகளின் பெற்றோரிடம், இரண்டு வயதுக்குள் குழந்தை எந்த வெளிச்சத்தில் தூங்கியது என்று கேட்டிருந்தார்கள். இருட்டில் தூங்கியவர்களில் 10 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. விடிவிளக்கு என்றால் 34, அறை விளக்கே எரிந்திருந்தால் 55. படிப்படியாக ஏறும் எண்களைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வேறு இரண்டு குழுக்கள் ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. தெரிந்தது வேறொன்று: கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் பிள்ளை தூங்கும் அறையில் அதிகமாக விளக்கை எரியவிட்டிருந்தார்கள். பிள்ளைக்கு வந்தது பெற்றோரின் கண்ணாக இருக்க, பழி விளக்கின் மேல் விழுந்திருக்கிறது.

இப்படி ஓர் ஆய்வை மட்டும் நம்பி ஏமாறாமல் இருக்கத்தான் மெட்டா அனாலிசிஸ் என்னும் தொகுப்பாய்வு. ஒரே கேள்வியைக் கேட்ட ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து, துல்லியமான ஆய்வுக்குக் கூடுதல் எடை கொடுத்து, ஒரே விடையாகத் திரட்டும் முறை இது. 1976-இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

கிட்டப்பார்வை ஆய்வில் இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வெற்றி வெளிவெளிச்சம் பற்றியது. 2012-இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வெளியே இருந்தால், கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு விகிதம், அதாவது அது உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான விகிதம், ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது என்று வந்தது. இவ்வளவு சிறிய மாற்றம் தனி ஆய்வில் எளிதில் பிடிபடாது. ஆனால் அந்த ஏழுமே ஒரே சமயத்தில் கண்ணையும் பழக்கத்தையும் பார்த்த ஆய்வுகள். வெளியே போகாததால் பார்வை குறைந்ததா, பார்வை குறைந்ததால் பிள்ளை வீட்டுக்குள் அடங்கியதா என்று அவற்றால் சொல்ல முடியாது. ஏழைச் சேர்த்தாலும் எழுபதைச் சேர்த்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும். அதைத் தீர்த்துவைத்தது சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நடந்த சோதனை. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு நடத்தினார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. தொகுப்பாய்வு சுட்டிய திசை சரிதான் என்பது அப்போதுதான் உறுதியானது. 2017-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டியது: வெளியே இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது, ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு அது கூடுவதை நிறுத்துவதாகத் தெரியவில்லை. பெற்றோருக்கு இது மிகப் பயனுள்ள செய்தி.

செல்போன் திரை விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். 2021-இல் வந்த ஒரு மதிப்பாய்வு 33 ஆய்வுகளைச் சேர்த்தது. திரை நேரத்தைப் புறநிலையாக அளக்கும் ஆய்வுகள் இனி தேவை என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள். பல ஆய்வுகளில் பிள்ளையோ பெற்றோரோ நினைவிலிருந்து சொன்ன மணிக்கணக்குத்தான் அளவு. கண் பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் குவியத் தசையைத் தளர்த்தாமல் பரிசோதித்தால், கிட்டப்பார்வை இல்லாத குழந்தைக்கும் இருப்பதுபோல் காட்டக்கூடும். தாறுமாறான பிழைகள் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கூட்டக்கூட அந்தச் சாய்வுக்கே உறுதி கூடுகிறது. இந்த முறையின் ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

2025-இல் 45 ஆய்வுகள், 335,524 பேர் என்று இன்னும் பெரிய தொகுப்பு வந்தது. தினசரித் திரை நேரம் ஒரு மணி கூடினால் வாய்ப்பு விகிதம் 21 சதவீதம் கூடும் என்றது. இதைப் படித்ததும் நூற்றில் இருபத்தொரு பிள்ளைகள் கூடுதலாகக் கண்ணாடி போடுவார்கள் என்று பதற வேண்டாம். நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் விகிதம் பத்துக்கு முப்பது. அது 21 சதவீதம் கூடினால் பத்து என்பது பதினொன்றோ பன்னிரண்டோ ஆகும். அதுவும் கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எழுதும் செய்தி வாசகருக்குத் துரோகம் செய்கிறது.

இனி வரும் தொகுப்புகள் ஆய்வுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதால் பெரிய பயன் இல்லை. திரை நேரத்தைக் கருவியே பதிவு செய்யட்டும், எல்லாக் கண்களும் சொட்டு மருந்து விட்டே அளக்கப்படட்டும், அதே பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படட்டும். அப்படிப்பட்ட பத்து ஆய்வுகள், நினைவை நம்பிய நூறு ஆய்வுகளைவிட மேலானவை.

வெளிவெளிச்சத்துக்கோ போதுமான சான்று கையில் இருக்கிறது. பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நம் பள்ளிகள் இந்த ஆண்டே கைவிட வேண்டும்.