விற்பனைக்கு வந்த பிள்ளைப் பருவம்

சாக்லேட் என்பது சிறுவர் தின்னும் பண்டம் என்றே நம் நாட்டார் நெடுங்காலம் எண்ணி வந்தனர். பெரியவர் ஒருவர் பேருந்தில் நின்றுகொண்டு அதைப் பிரித்துத் தின்றால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். விற்பவருக்கு இது பெரிய தடை. பிள்ளைகளிடம் ஆசை உண்டு, பணம் இல்லை. பெரியவர்களிடம் பணம் உண்டு, ஆசையை வெளிக்காட்டக் கூச்சம். 1990களின் முற்பாதியில் காட்பரி நிறுவனத்துக்காக ஓகில்வி விளம்பர நிறுவனத்தார், அண்மையில் 2025இல் மறைந்த பியூஷ் பாண்டேயின் முனைப்பில், இத்தடையை ஒரு நிமிடப் படத்தால் தகர்த்தனர். கிரிக்கெட் ஆட்டக்காரர் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்புகிறார். கூட்டத்தில் சாக்லேட் தின்றுகொண்டிருந்த இளம்பெண் காவலரை ஏய்த்து மைதானத்துக்குள் ஓடி, பார்ப்பவரைப் பற்றிய எண்ணமே இன்றி ஆடுகிறாள். அந்நாளில் குருமடத்தில் ஞாயிறுதோறும் தொலைக்காட்சி பார்த்த எங்களுக்கும் அவள் ஆட்டம் பிடித்திருந்தது. பண்டத்தின் சுவையைப் பற்றி அப்படம் பேசியதைவிட, நமக்குள் உறங்கும் குழந்தையை எழுப்பியதே மிகுதி.

2021இல் அதே படத்தை மீண்டும் எடுத்தனர். இம்முறை மட்டை பிடித்தவர் பெண். ஓடிவந்து ஆடியவர் ஆண். பலரும் பெண்மைக்குத் தந்த மதிப்பென்று இதைப் பாராட்டினர், பாராட்டுக்கு உரியதே. ஆனால் அதைக் கண்டு கண்கலங்கியவர்கள் எதை நினைத்துக் கலங்கினார்கள்? 1990களில் சிறுவராயிருந்தவர்கள் அவர்கள். முதற்படம் பிள்ளைப் பருவத்தை நினைவூட்டி விற்றது. இரண்டாவது படமோ முதற்படத்தையே பிள்ளைப் பருவமாக நினைவூட்டிற்று. ஆற்றங்கரை, ஆலமரம், பாட்டியின் திண்ணை ஆகியவை இருந்த இடத்தில் இப்போது ஒரு விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. நம் இளமை நினைவில் எந்தப் பகுதி நம்முடையது, எந்தப் பகுதி பிறர் பணம் கொடுத்து அங்கே வைத்தது என்று பிரித்தறிவது இனி எளிதன்று.

இக்கலையின் வேறு உருவங்களையும் நாம் அறிவோம். 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே சப்பை மூக்கு நாய்க்குட்டி ஒன்று நடந்தது. நிறுவனத்தின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம் தெருக்களில் அவ்வினம் 'ஹட்ச் நாய்'தான். மூச்சுவிடவே இடர்ப்படும் அந்த உயிர், சென்னை வெயிலில் படும் பாட்டைப் படம் காட்டவில்லை. 2011 வாக்கில் பிளிப்கார்ட் வேறொரு வழி கண்டது. சிறுவர்களுக்கு மீசையும் கோட்டும் அணிவித்து, பெரியவர் குரலில் பேசவைத்தது. கணினியில் பணம் கட்டினால் பொருள் வருமா என்ற ஐயம் மக்களிடம் இருந்த காலம் அது. வளர்ந்த மனிதர் 'நம்புங்கள்' என்றால் நாம் பணப்பையை இறுகப் பிடிப்போம். குழந்தை முகம் சொன்னால் சிரித்துவிடுவோம். சிரித்தவன் பாதி நம்பியவன்.

பெரியவர்கள் குழந்தைமையைக் கற்பனை செய்வது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகை நமக்கு உண்டு. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளையாக்கினார்; பின்வந்தோர் கிறிஸ்துவையும் அவ்வாறு பாடினர். கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த புலவர் அங்கே தாயாகிறார். நிலவை விளையாட அழைக்கிறார். சிறுமியரின் மணல்வீட்டைச் சிதைக்காதே என்று ஆண்பிள்ளையிடம் மன்றாடும் சிற்றில் பருவத்தையும் பாடுகிறார். விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பெரியவர் குழந்தையாவதில்லை. வேறொரு குழந்தைக்காக அவர் உறக்கம் கெடுகிறார், ஏந்துகிறார், காக்கிறார். விளம்பரத்திலோ ஏந்தப்படும் குழந்தை நாமே. தொட்டிலில் படுத்திருப்பது நாற்பது வயதுக்காரர். ஆட்டுவது ஒரு நிறுவனம்.

தாம்பரம் சண்முகம் சாலையிலும் வேளச்சேரியின் பெரிய வணிக வளாகத்தைச் சுற்றிலும் நடப்போர், '90ஸ் கிட்ஸ்' என்ற பெயர் தாங்கிய மிட்டாய்ப் பெட்டிகளை இப்போது காணலாம். தேன் மிட்டாய், கமர்கட்டு, இலந்தை வடை, புளிப்பு மிட்டாய் எல்லாம் ஒரே பெட்டியில். கமர்கட்டுக்கு நான் பகைவன் அல்லன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே ஓர் ஊரின் உழைப்புக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் இப்பெட்டியில் ஒன்று குறைகிறது. எங்கள் நாளில் ஒரு மிட்டாய்க்கு இரண்டு மூன்று பங்காளிகள் உண்டு. சட்டை நுனியில் வைத்துக் காக்காக்கடி கடித்து, எச்சில் படாமல் பங்கிட்டோம் என்று நாங்களே நம்பிக்கொண்டோம். அந்தக் காக்காக்கடிதான் மிட்டாய்க்குச் சுவை தந்தது. பெட்டியை வாங்குபவர் அறையில் தனியே பிரித்துத் தின்கிறார்; இரண்டாவது மிட்டாயிலேயே சலித்துப்போவதாக இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார். சலிக்காமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் அந்தப் பருவம் அவ்வளவு இனிமையானதா? புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலில் பால்குடிக் குழந்தையின் பொறாமையையும் பள்ளியில் தாம் பட்ட அடிகளையும் மறைக்காமல் எழுதுகிறார். மீண்டும் மழலைப் பருவத்துக்குப் போகிறாயா, சாகிறாயா என்று கேட்டால் மனிதர் சாவையே தேர்வர் என்று இறைவனின் நகரம் பற்றிய நூலில் சொல்லும் அளவுக்கு அவர் போகிறார். மிகைதான், எனினும் நம் பசியையும் பிரம்படியையும் நீக்கிவிட்டு மிட்டாயை மட்டும் மிச்சம் வைக்கும் பொய்நினைவுக்கு அந்த மிகை நல்ல மருந்து.

சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997இல் விளம்பர அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்னும் மூன்று அளவுகோல்களைத் தருகிறது. குழந்தைகளின் நம்பும் இயல்பைச் சுரண்டலாகாது என்றும் எச்சரிக்கிறது. வளர்ந்தவருக்குள் இருக்கும் குழந்தையின் நம்பும் இயல்புக்கும் இதே காவல் வேண்டும் என்பேன். மிட்டாயில் இழப்பு சில ரூபாய்தான். வீட்டில் அப்படியன்று.

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் சென்றால் வீட்டுமனை விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் கட்டடத்தைவிட வண்ணத்துப்பூச்சி துரத்தும் சிறுமியும், மாமரத்து ஊஞ்சலும், மழையில் விடும் காகிதக் கப்பலும் பெரியவை. 'கறை நல்லது' என்று சலவைத்தூள் விளம்பரம் சேற்றைக் கொண்டாடிய அதே ஆண்டுகளில்தான் நம் புறநகரின் சேறும் குளக்கரையும் மனைகளாயின. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, காகிதக் கப்பல் விடவேண்டிய தெருக்களில் மீட்புப் படகுகள் சென்றன. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அதற்கும் ஒரு பிள்ளைப்பருவ நினைவு உண்டு போலும்!

அத்தகைய குடியிருப்பு ஒன்றில் வீடு மந்திரிக்க அழைத்திருந்தனர். கணவன், மனைவி இருவரும் கணினித் துறையில் வேலை. கடன் இருபது ஆண்டுகளுக்கு. "எங்களுக்குக் கிடைச்ச மாதிரி ஒரு பிள்ளைப் பருவம் இவளுக்கும் கிடைக்கணும் ஃபாதர், அதுக்குத்தான் இங்க வாங்கினோம்" என்றார் தந்தை. தவணைக்காக இருவரும் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிறது. அதுவரை ஏழாம் மாடியில் பாட்டியும் தொலைக்காட்சியும் துணை. தண்ணீர் தெளித்து முடித்தபின் அச்சிறுமி என்னைக் கீழே அழைத்துப்போய் இடத்தைச் சுற்றிக் காட்டினாள். விளம்பரத்தில் கண்ட ஊஞ்சல் உண்மையாகவே இருந்தது. பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பலகை: பந்து விளையாடக் கூடாது, மிதிவண்டி ஓட்டக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. அவள் எழுத்துக்கூட்டி மூன்றையும் படித்தாள். பிறகு, மணலுக்கு ஏதாவது போட்டிருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். தேடிப் பார்த்தேன், போடவில்லை. மணலும் இல்லை.