எரேமியாவின் மடலும் மண்பாண்டமும்

காத்திருப்பதும் செயலாற்றுவதும் ஒன்றுக்கொன்று பகை என்றே பலரும் கருதுவர். விவிலியத்தில் எரேமியாவின் நூலை ஊன்றிப் படிப்போர் அவ்வாறு கருதார்.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேம் மக்கள் பலரைச் சிறைப்பிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டு சென்றான். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் மீள்வர் என்றான் அனனியா. எரேமியாவோ 70 ஆண்டுகள் என்று மடல் விடுத்தார். அம்மடல் ஏவல் வினைகளால் நிறைந்தது. வீடு கட்டவும், தோட்டம் இட்டு அதன் பயனை உண்ணவும், மக்களுக்கு மணம் முடிக்கவும், குடியேறிய நகரின் நலம் நாடவும் அது பணிக்கிறது.

நுட்பம் இங்கேதான் உள்ளது. குறுகிய தவணை மனிதனை மூட்டை அவிழ்க்காமல் உட்கார வைக்கிறது. நெடிய தவணை மண்வெட்டியை எடுக்கச் செய்கிறது. ஆயினும் இஃது எளிய ஆறுதலன்று. மடலைப் பெற்ற பெரியவர்களுள் பெரும்பாலோர் மீட்சியைக் காண வாய்ப்பில்லை. நடுவோர் ஒருவர், திரும்புவோர் வேறொருவர்.

பிறர்க்குரைத்ததை எரேமியா தாமும் செய்தாரா? பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, தாமும் காவலில் இருந்த வேளையில், ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டனர், வெள்ளி நிறுக்கப்பட்டது, முத்திரையிட்ட பத்திரமும் திறந்த படியும் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. கோப்புகளோடு நாள் கழிக்கும் என் போன்றோர்க்கு அந்நூலில் இதனினும் உருக்கமான பகுதி இல்லை.

'ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம்' என்று வாசலில் ஒரு செடியும் வையாமல் நாள் கடத்தும் நம்மவர்க்கும் இம்மடல் உரியதே. ஊரை எண்ணிக் காத்திருக்கலாம். செடியை நட்டுவிட்டுக் காத்திருப்போம்.