மா. கிருஷ்ணனின் விலங்கு நோக்கல் முறை: ஒரு மதிப்பீடு

மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் (1912–1996) கட்டுரைகளை விலங்கு நடத்தைக்குச் சான்றாக எடுத்தாளுமுன் அவற்றின் நோக்கல் முறையை வினவுதல் வேண்டும். நோக்கல் முறைகளை 1974இல் வகைப்படுத்திய ஜீன் ஆல்ட்மன், கண்ணில் பட்டதை மட்டும் குறித்துக்கொள்வதன் குறையை விளக்கினார். கிண்டிப் பூங்காவில் வெளிமான் கடாக்கள் முட்டிக்கொண்டால் காண்பவர் குறித்துக்கொள்வார். அவை படுத்து அசைபோட்ட நெடும்பொழுது ஏட்டில் ஏறாது. ஒரு விலங்கைத் தேர்ந்து, வரையறுத்த நேரம் முழுதும் அதன் செயல்களைப் பதிந்தாலே ஒப்பிட இயலும்.

கிருஷ்ணனின் பத்திகள் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தவை. இதழ்ப் பத்தியில் கால அளவையும் எண்ணிக்கையையும் எதிர்பார்ப்பதும் முறையன்றுதான். எனினும் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை எழுதிய அவர், காகம், அணில் போன்ற அன்றாட உயிர்களையும் பொருட்படுத்தினார். அத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்த்தவரின் கூற்று, ஒரு செயல் நிகழ்கிறது என்பதற்கு வலுவான சான்று. எத்துணை அடிக்கடி நிகழ்கிறது என்பதற்குச் சான்றாகாது. பின்னதற்கு அவரை மேற்கோள் காட்டுவது அவர் சொல்லாததைச் சொல்லவைப்பதாகும். அவருடைய விவரிப்புகளிலிருந்து ஒவ்வோர் உயிருக்கும் செயற்பட்டியல் ஒன்றைத் தொகுக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களில் நேரங்குறித்து எண்ணும் பணி எஞ்சியுள்ளது.