பாதாளமும் நரகமும்

'பாதாள உலகம்' என்னுந் தொடர் இக்காலச் செய்தித்தாள்களிற் கொலைஞர், கொள்ளைஞர், போதைப்பொருள் விற்போர் கூட்டத்திற்குப் பெயராய் வழங்குகின்றது. இலங்கைத் தமிழ் இதழ்களில் இவ்வழக்கு மிகுதி. தமிழ்நாட்டார் பெரும்பாலும் 'நிழல் உலகம்' என்பர். ஆங்கிலச் சொல்லொன்றனைப் பெயர்த்தமையான் வந்த இவ்வழக்குச் சைவநூற் பொருளைத் திரிக்குமாறு காண்பாம்.

அதல முதற் பாதாளம் ஈறாகக் கீழுலகங்கள் ஏழு. ஏழனையும் ஒருங்கே பாதாளம் என்றலும் உண்டு. இவை ஒறுத்தற்குரிய இடங்கள் அல்ல. பாதாளஞ் சென்று மீண்ட நாரதர், அது துறக்கத்தினும் இனிதென்று கூறியதாக விட்டுணு புராணம் பேசும். மாவலி வாழ்வது சுதலத்தே. தீவினைப்பயன் நுகரும் இடமாகிய நரகம் வேறு. ஆகமங்கள் கூறும் 224 புவனங்களுள் நிவிர்த்தி கலையில் அடங்குவன 108. அவற்றின் அடியிற் காலாக்கினியுருத்திரர் புவனம், அதன்மேற் கூர்மாண்டர் ஆளும் நரகங்கள், அவற்றிற்கும் மேலே ஆடகேசர் தலைமை பூண்ட பாதாளங்கள், அப்பாலே நிலவுலகம். சிவபெருமான் ஆணைவழி ஓர் உருத்திரர் காக்கும் உலகின் பெயரைக் கயவர் கூட்டத்திற்குச் சூட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

விவிலியத்தைத் தமிழாக்கினோர், இறந்தோர் சேருமிடத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைப் பாதாளம் என்றனர். தம் நூற்கு ஒரு சொல் வேண்டினர், கொண்டனர். அவர்பாற் குறையில்லை. அப்பொருளை நம்மவர் நம் நூல்கட்கும் ஏற்றுதலே இடர். திருவெம்பாவைப் பத்தாம் பாட்டு, இறைவன் பாதமலர் பாதாளம் ஏழினுங் கீழாய்ச் சொல்லிறந்து நிற்பது என்கின்றது. ஈண்டுப் பாதாளத்தை நரகமென்று கொள்வார்க்குத் திருவடி தீயோர் இடத்தைக் கடந்தது என்னும் அளவே தோன்றும். அடிகள் கருத்து அதுவன்று. இன்ப உலகங்களும் எட்டாத ஆழம் அது. பன்றியாய் நிலம் அகழ்ந்த மாலும் காணாத அடி அது.

அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே சுந்தரர் பாடல்பெற்ற திருமுல்லைவாயில் உளது. மார்கழியில் ஆண்டுத் திருவெம்பாவை கேட்டுப் புறம்போந்த அன்பர் செவியில், வீதியிற் 'பாதாளச் சாக்கடை' என்னுஞ் சொல் விழுதலுங் கூடும். நகைக்கத்தக்கதாயினும் அதனாற் கேடில்லை. நிலத்தின்கீழ் என்னும் அளவிற்றே அதன் பொருள். திருவண்ணாமலை ஆயிரக்கால் மண்டபத்துப் பாதாளலிங்கமும் அப்பொருளாற் பெற்ற பெயரே. 1896-இல் அங்குப் போந்த இரமண முனிவர் தம்மை மறந்து அமர்ந்திருந்த இடம் அது. கொடியோரைக் குறிக்கக் 'குற்றக்கும்பல்' என்னுஞ் சொல் வழக்கில் உளது. செய்தித்தாள் எழுதுவோர் அதனைக் கொள்க.