என் விசா இல்லை: ஆடுஜீவிதத்தின் கடைசி அணிவகுப்பு

2024இல் ஆடுஜீவிதம் படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது, பக்கத்து இருக்கையில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இருந்தார். சவூதியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு 2013 பொதுமன்னிப்பில் ஊர் திரும்பியவர். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. வெளியே வந்து டீ சொல்லிவிட்டு, "அந்தாளு அதிர்ஷ்டக்காரன் தம்பி. முறையான விசா இல்ல, அதான் தப்பிச்சான்" என்றார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. முறையான விசா இருந்தால்தானே பாதுகாப்பு? வீட்டுக்கு வந்து பென்யாமின் நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். அண்ணன் சொன்னதுதான் கதை. படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது என்பதே என் வருத்தம். (முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளவும்.)

நாவல் 2008இல் மலையாளத்தில் வந்தது. ஆற்று மணல் அள்ளிக்கொண்டிருந்த நஜீப், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு ரியாத்துக்குப் போகிறான். விமான நிலையத்தில் யாரோ ஒரு அரபி வந்து வண்டியில் ஏற்றிக்கொள்கிறான். அவன்தான் தன் முதலாளி என்று நஜீப் நம்பிவிடுகிறான். மூன்று ஆண்டுக்கு மேல் பாலைவன ஆட்டுக்கிடையில் அடிமை வாழ்க்கை. பிறகு தப்பித்தல், சிறை, ஊர்.

இதில் பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று. நாவல் பாலைவனத்தில் தொடங்கவில்லை, ஒரு போலீஸ் நிலைய வாசலில் தொடங்குகிறது. நஜீபும் ஹமீது என்ற இன்னொருவனும் தங்களை யாராவது கைது செய்ய மாட்டார்களா என்று அங்கே நிற்கிறார்கள். கையில் கடவுச்சீட்டு கிடையாது, இக்காமா கிடையாது. அந்த நிலையில் ஊருக்குப் போக ஒரே வழி சிறைதான். உள்ளே போனால் தூதரக ஆட்கள் வருவார்கள், அவுட்பாஸ் கிடைக்கும், நாடு கடத்துவார்கள். நாவலின் முதல் பகுதி முழுக்கச் சிறைதான்.

அந்தச் சிறையில் தூதரகத்தினர் வருவதுபோலவே முதலாளிகளும் வருவார்கள். ஓடிப்போன தங்கள் ஆட்கள் யாராவது பிடிபட்டிருக்கிறார்களா என்று பார்க்க அடையாள அணிவகுப்பு நடக்கும். கைதிகள் வரிசையில் நிற்பார்கள். முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். அடையாளம் கண்டால் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். போலீஸ் தடுக்காது. சட்டப்படி அவன் அந்த முதலாளியின் ஆள்.

ஹமீது அப்படித்தான் போகிறான். அவனுடைய அர்பாப் வந்து, அடையாளம் கண்டு, கதறக் கதற இழுத்துப் போகிறான். கொஞ்ச நாளில் நஜீபின் அர்பாபும் வருகிறான். கிட்ட வந்து பார்க்கிறான். கடந்து போய்விடுகிறான். ஏன் என்று பிறகுதான் தெரிகிறது: நஜீப் அவன் விசாவில் வந்தவன் இல்லை, வந்தவனாக இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

இந்த இரண்டு ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஹமீது முறையாக வந்தவன். சட்டம் அவனை அடித்த முதலாளியிடமே திருப்பிக் கொடுக்கிறது. நஜீப் கடத்தப்பட்டவன். அந்தக் கடத்தலே அவனைக் காப்பாற்றுகிறது. காட்டிலும் மணலிலும் நடந்த அக்கிரமத்தைவிட, காகிதத்தோடு நடக்கும் ஒழுங்கு எனக்கு அதிகம் பயம் தருகிறது. என் வாசிப்பில் நாவலின் மையம் அந்த வரிசை. பாலைவனம் அதற்கான நீண்ட முன்னுரை.

பிளெஸ்ஸியின் படத்தில் இந்த விகிதம் தலைகீழாகிவிட்டது. பிருத்விராஜின் உடல் உருகுவதை நம்மால் மறக்க முடியாது. ரஹ்மானின் இசையும் மணலின் விரிவும் சேர்ந்து, தாகம் என்றால் என்ன என்பதை இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உணர்த்திவிடுகின்றன. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சிறை கடைசியில் சுருங்கிப்போகிறது. நாவலில் ஹமீதுக்கு இருக்கிற இடமும் எடையும் படத்தில் இல்லை. அதனால் அர்பாப் விலகிப் போகும் கணம் கடவுளின் கருணை மாதிரி தெரிகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். அது ஒரு விதியின் ஓட்டை என்பது புரிவதற்குள் விமானம் கிளம்பிவிடுகிறது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கொடூரமான அரபி ஒருவன் வருகிறான், சாலையில் ஏற்றிக்கொண்டு போகும் நல்ல அரபியும் ஒருவர் வருகிறார். கணக்கு நேராகிவிடுகிறது. பார்ப்பவருக்கு மிஞ்சுவது, முதலாளி அமைவதெல்லாம் தலையெழுத்து என்ற எண்ணம். நல்ல முதலாளிக்கும் கெட்ட முதலாளிக்கும் ஒரே அதிகாரத்தைக் கொடுத்து வைத்திருப்பது எது என்ற கேள்வி எழுவதே இல்லை.

அதற்குப் பெயர் கஃபாலா. வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டுக்குள் இருப்பதற்கான அனுமதியே ஒரு தனி ஆளின் பெயரில், அதாவது கஃபீல் பெயரில் இருக்கும். இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியது அவர். வேறு வேலைக்கு மாற அவர் சம்மதம் வேண்டும். ஊருக்குப் போக வெளியேறும் விசாவுக்கும் அவர்தான். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயும் விதி உண்டு. நடைமுறையில் அது சகஜம். இதற்கெல்லாம் மேலே ஹுரூப் என்று ஒன்று. என் ஆள் ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி புகார் பதிந்துவிட்டால், நேற்று வரை சட்டப்படி இருந்தவன் மறுநாளே சட்ட விரோதி என்பதுதான் நெடுங்காலம் இருந்த நிலை. சம்பளம் வரவில்லை என்று தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம், வழி இருக்கிறது. ஆனால் போகிறவனுக்கு எதிராக முதலாளி கையில் எப்போதும் இந்த ஆயுதம் இருந்திருக்கிறது. வழக்கில் அரபி வாசகமே செல்லும். தமிழிலோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படித்துக் கையெழுத்துப் போட்டது வேறாக இருந்தால் உங்கள் பாடு.

மாறவே இல்லையா என்று கேட்டால், மாறியிருக்கிறது. 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி, தனியார் துறைத் தொழிலாளர்கள் சில நிபந்தனைகளோடு முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், நாட்டை விட்டுப் போகலாம். ஆனால் வீட்டு வேலைக்காரர்கள், ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அதில் இல்லை. 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலும் பத்துப் பேருக்காவது வேலை கொடுக்கும் பண்ணைகளும் மேய்ச்சல் நிறுவனங்களும்தான் உள்ளே வருகின்றன. ஒற்றை ஆள் ஆட்டுக்கிடை அதற்கு வெளியே. நஜீபின் வேலை, சட்டம் வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே விட்ட வேலை.

படம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2024 ஏப்ரலில், கேரளத்தில் இன்னொன்று நடந்தது. சவூதியில் மரண தண்டனைக் கைதியாக இருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்காக மக்கள் 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். அங்கே கொலை வழக்கில் இறந்தவரின் வாரிசுகள் மன்னித்து, திய்யா எனும் ரத்தப் பணம் வாங்கிக்கொண்டால் மரண தண்டனை நீங்கும். நீங்கியது. ஆனாலும் அவர் உடனே வெளியே வரவில்லை. குடும்பத்தின் உரிமை போக அரசின் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. அந்த வழக்கின் நியாயத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. கஃபாலாவும் திய்யாவும் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் பழகிய நமக்கு இரண்டிலும் ஒரு ஒற்றுமை கண்ணில் படும்: அரசு முடிவெடுக்கும் என்று நாம் நினைக்கிற இடத்தில் ஒரு தனி மனிதரின் சம்மதம் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டு நீதி என்றால் கடுமையான தண்டனை என்றுதான் நாம் பயப்படுகிறோம். யாரிடம் போய்க் கேட்பது என்பதே தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

நாவல் மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. இந்தப் பக்கத்தை அது சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஊரில் ஒருவர் விசா இருக்கிறது என்கிறார், பணம் புரட்டப்படுகிறது, பம்பாய், விமானம். நஜீப் போகும்போதே 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் இருந்தது. பதிவு பெற்ற முகவர்கள்தான் ஆள் அனுப்பலாம், பத்தாவது முடிக்காதவர்களுக்குக் குடியகல்வுச் சோதனை உண்டு. இப்போது பத்தாவது முடித்துவிட்டால் அந்தச் சோதனையும் பெரும்பாலும் இல்லை. ஒப்பந்தத்தை யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. முதல் கண்ணி இங்கேதான் விழுகிறது. விசா விற்றவனை நாவலும் துரத்தவில்லை, படமும் துரத்தவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போனது 'ஃப்ரீ விசா'வில். வளைகுடா போன எல்லாருக்கும் தெரிந்த சொல். விசா ஒருவர் பெயரில், வேலை கிடைத்த இடத்தில். கஃபீலுக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிட வேண்டும். அரசின் ஏட்டில் அப்படி ஒரு விசாவே கிடையாது. கஃபீல் அல்லாத இடத்தில் வேலை செய்வது குற்றம். எட்டு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். ஒரு மாதம் தொகையை ஏற்றிக் கேட்டபோது மறுத்தார். ஹுரூப் விழுந்தது.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாப் போயிருக்கலாம்ல, ஏன் போகலைன்னு கேக்குறாங்க" என்றார். "போனா அவனைக் கூப்பிடுவாங்க தம்பி. அவன் வந்து, ஆமா என் ஆளுதான்னு சொல்லிட்டா?"

நாவலில் கைதாக வேண்டி நிற்கிறார்கள். இவர் கைதாகாமல் பதினோரு மாதம் ஒளிந்திருந்தார். பயம் ஒன்றுதான். பொதுமன்னிப்பு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

இது சினிமா, சட்டக் கையேடா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கையேடு வேண்டாம். அந்த அணிவகுப்புக் காட்சியில் கேமரா ஹமீதின் முகத்தில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும். அரங்கத்தில் அழுதவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே முறையான விசாவில்தான் இருப்பார். அவர்களுக்கான கதை நஜீபுடையது அல்ல, ஹமீதுடையது.