காப்புப் பருவமும் காக்கப்படாத பிள்ளைகளும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் பிள்ளைத்தமிழ் பற்றிக் கட்டுரை வாசித்தேன். எம்.ஏ. வகுப்பில் பத்துப் பருவங்களையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் என்கிற தெம்பு. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர், பள்ளி ஆசிரியை, எழுந்து கேட்டார்: "முத்தப் பருவத்துல முத்தம் தா, முத்தம் தான்னு பாட்டுப் பாட்டா கேக்குறாங்க. தரமாட்டேன்னு அந்தக் குழந்தை சொன்னா, அதுக்கு எத்தனை பாட்டு தோழர்?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைத்தமிழில் பிள்ளை பேசாது. தாயாகத் தன்னைப் பாவித்துக்கொண்ட புலவர்தான் பேசுவார். முதற் பருவம் காப்பு. திருமாலை முன்வைத்துத் தெய்வங்களை வரிசையாக அழைத்து, பிள்ளையைக் காக்கச் சொல்வது. அத்தெய்வங்களின் கொலைத்தொழிலை நீக்கிப் பாடவேண்டும் என்பது பாட்டியல் மரபு. இதை வெறும் செய்யுள் விதியாக இப்போது என்னால் வாசிக்க முடியவில்லை. காப்பவர் கையிலிருக்கும் வன்முறையைச் சொல்லக்கூடாது என்பதுதானே இது? பழைய புலவரிடம் இன்றைய சட்டத்தை நான் கேட்கவில்லை. ஆனால் குடும்பம் என்கிற நிறுவனம் இன்றுவரை இந்த விதியைத்தான் கடைப்பிடிக்கிறது. அப்பா, சித்தப்பா, மாமா, வாத்தியார் என்று காக்கும் கைகளை அடுக்கியபின், அந்தக் கைகள் வேறென்ன செய்தன என்பது பாட்டில் வராது.

2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. 53.22 சதவீதம் பேர் ஏதோவொரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இவர்களில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பி விடப்பட்டவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்கிறோம். எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது? நம் தினசரிகள் 'சில்மிஷம்' என்று எழுதின; சினிமாக் காதலனின் குறும்புக்கும் அதே சொல்தான். இல்லாவிட்டால் 'கற்பழிப்பு'. இந்தச் சொல்லில் அழிவது குழந்தையின் கற்பு, அதன் வழியாக வீட்டின் மானம். குழந்தைக்கு வலித்தது என்பதற்கு இதில் இடமில்லை. பையனுக்கோ சொல்லே இல்லை; "ஆம்பளப் பையனுக்கு என்ன கெட்டுப்போச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

அடியையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்த தலைமுறை நாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையைத் தடைசெய்தது. வாக்கியம் இன்னும் சாகவில்லை. தன் தோல் தன்னுடையதில்லை, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற பொருள் என்று முதல் நாளே கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு எந்த உரிமையில் "என்னைத் தொடாதே" என்று சொல்லும்?

2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பார்க்காமல் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றது. ஆனால் சட்டத்தையும் யாரோ வாசித்தாக வேண்டும். 2021 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, 12 வயதுச் சிறுமியை ஆடைக்கு மேலாகத் தொட்டதில் தோலோடு தோல் படவில்லை, எனவே அது இச்சட்டத்தின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று வாசித்தது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, பார்க்க வேண்டியது நோக்கத்தை என்றது. 'தொடுதல்' என்ற ஒரு சொல்லை, தொட்டவன் உள்ளங்கையிலிருந்து வாசிப்பதா, தொடப்பட்ட உடலிலிருந்து வாசிப்பதா என்பதுதான் வழக்கு. விமர்சகனுக்கும் அதே கேள்விதான்.

இதே சட்டம், மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் அவன்மேல் பாய்கிற ஆயுதமாகவும் ஆகிறது. 16 வயதுக்கு மேற்பட்டோரின் இணக்கமான உறவை விலக்குவது பற்றி 2019இல் சென்னை உயர்நீதிமன்றமே யோசனை சொன்னது. மாமாவை மறைக்கிற வீடுதான் காதலனைக் காட்டிக்கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் காக்கப்படுவது மானம்.

நம் பக்கத்துக்கும் வருவோம். குடும்பம், சாதி, புனிதம் என்று எல்லாவற்றையும் கட்டுடைத்த நாம், நம்மில் ஒருவர் மேல் இப்படியொரு புகார் வரும்போது என்ன சொல்கிறோம்? "எதிரிக்குத் தீனி போடாதீங்க தோழர், உள்ளுக்குள்ள பேசிக்கலாம்." நானே அப்படியொரு பஞ்சாயத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். குடும்ப மானம் போய் இயக்க மானம் வந்தது. குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது. தெரிந்தும் சொல்லாமலிருப்பது அச்சட்டத்தின்படி குற்றம். அன்று அந்த அறையிலிருந்த அத்தனை பேரும், நான் உட்பட, குற்றவாளிகள்.

அந்த ஆசிரியைக்கு இன்னும் என்னிடம் பாட்டு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வீட்டுக்கு வருகிற நண்பர் "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்கிறார். குழந்தை அம்மாவின் பின்னால் போய் ஒளிகிறது. "வெக்கப்படுது" என்று நாம் சிரித்துக்கொண்டே முன்னால் தள்ளிவிடுகிறோம். அது வெட்கப்படவில்லை, தரமாட்டேன் என்கிறது. முதலில் தள்ளுகிற கையை எடுப்போம்.