ஆட்டத்தின் விதியும் நாவலின் விதியும்

மேசையாட்டங்களிலிருந்து பிறந்த விஞ்ஞானப் புனைகதைகளையும் அதிகற்பனை நாவல்களையும் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒரு சாரார் இவற்றை இலக்கியத்தின் எல்லைக்குள்ளேயே அனுமதிப்பதில்லை. பகடையையும் விதிநூலையும் விற்கும் கம்பனியொன்று தன் சரக்குக்கு விளம்பரமாக வெளியிடும் பிரசுரங்கள் இவை என்பது அவர்தம் முடிபு. மற்றைய சாரார் ஆட்டத்திலே ஊறியவர்கள். இன்ன படிநிலையிலுள்ள மந்திரவாதி இன்ன மந்திரத்தைச் செய்ய முடியுமா, நாவலாசிரியர் விதிநூலை மீறினாரா என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள். முதற் சாரார் நூலைப் படியாமலே தீர்ப்புக் கூறுகின்றனர். மற்றையோர் ஒவ்வொரு வரியையும் படித்தும் அதனை ஒரு நாவலாகப் படிக்கவில்லை. இவ்விரு நோக்குகளும் தவறவிடும் ஒரு பிரச்சினையையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1974 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆவர். சிறு பொம்மைப் படைவீரரை மேசைமீது நகர்த்திப் போர் நடத்தும் பழைய ஆட்டங்களிலிருந்து இது வளர்ந்தது. ஆனால் இங்கு ஒருவர் ஒரு படையை நடத்துவதில்லை. ஒரு பாத்திரத்தை ஏற்கின்றார். நெறியாளராக இருப்பவர் சூழலை விவரிக்கின்றார். ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்யும் என்பதைக் கூறுகின்றனர். அச்செயல் கைகூடுமா என்பதைப் பல முகங்களைக் கொண்ட பகடைகள் தீர்மானிக்கின்றன. முடிவு எவருக்கும் தெரியாது. நெறியாளருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

தமிழிலே ‘விதி’ என்ற சொல்லுக்கு இரு பொருளுண்டு. இலக்கணத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள விதி ஒன்று. மனிதர் தலையில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் விதி மற்றொன்று. ஆட்டம் முதல் விதியினால் இயங்குவது. நாவலோ, பாத்திரங்களின் இயல்பிலிருந்தும் அவர்கள் வாழும் உலகத்திலிருந்தும் எழும் ஒரு தவிர்க்கவொண்ணாமையை நாடுவது. பகடை உருண்டு ஒருவன் இறந்தால் ஆட்டத்திலே அது ஒரு நிகழ்ச்சி. நாவலிலே அதே மரணத்துக்குக் காரணம் வேண்டும். காரணத்தைவிட விளைவு முக்கியமாக வேண்டும். ஆட்டத்தை அடியொற்றி நாவல் எழுதப் புகுபவர் முதல் வகை விதியை இரண்டாவது வகை விதியாக மாற்றவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகின்றார். அவ்வாறு மாற்றினாரா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. ஆட்டத்தை அறியாதவன் இதனைக் கேட்கவே முடியாது.

இவ்வாட்டமே நாவல்களிலிருந்து பிறந்தது என்பதையும் மறத்தலாகாது. 1950 இல் வெளிவந்த ஜாக் வான்ஸின் ‘த டையிங் ஏர்த்’ என்ற நூலிலே மந்திரவாதிகள் மந்திரங்களை வருந்தி மனனஞ் செய்கின்றனர். உச்சரித்த கணமே அம்மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடுகின்றது. சூரியன் அணையப்போகும் ஓர் உலகிலே, அறிவு மனத்தில் தங்காது நழுவிச் செல்லும் துயரம் அது. கைகாக்ஸ் இதனை எடுத்து விதியாக்கினார்: மந்திரவாதி ஒரு நாளில் இத்தனை மந்திரங்களே செய்யலாம். துயரம் கணக்காயிற்று. பத்தாண்டுகளின் பின்னர் அதே கணக்கை வேறு நாவலாசிரியர்கள் எடுத்துப் பாத்திரமாக்கினர். அதற்குப் பின்னர் வருவேன்.

முதல் முயற்சி அன்ட்ரே நோர்ட்டனுடையது. விஞ்ஞானப் புனைகதையுலகிலே அக்காலத்தில் நன்கறியப்பட்டிருந்த அவர், கைகாக்ஸ் நடத்திய ஆட்டமொன்றிலே பங்குபற்றிய பின்னர், 1978 இல் ‘குவாக் கீப்’ என்ற நாவலை வெளியிட்டார். நம் உலகத்து ஆட்டக்காரர் சிலர் ஆட்டத்தின் உலகுக்குள் இழுக்கப்படுகின்றனர். அவர்களின் கைகளிலே பகடைகள் பதித்த காப்புகள். ஆபத்து நெருங்குகையில் அவை தாமே சுழல்கின்றன. மனத்தை ஒருமுகப்படுத்தினால் அவற்றின் சுழற்சியை மாற்றலாம் என்பதை அவர்கள் மெல்லக் கண்டறிகின்றனர். இது மிக நல்ல கருப்பொருள். தற்செயலுக்கும் மனித சித்தத்துக்குமிடையிலான போரைக் கண்ணுக்குப் புலனாகும் ஒரு பொருளிலே நோர்ட்டன் வைத்துவிட்டார். எனினும் நாவல் அதற்கேற்ப வளரவில்லை. பாத்திரங்கள் வழி நடக்கின்றன, பகைவரைச் சந்திக்கின்றன, மீண்டும் நடக்கின்றன. பிரச்சினையைக் கண்டவர் அவரே. அதனைத் தீர்க்க அவர் முயலவில்லை.

மார்கரெட் வைஸ், ட்ரேசி ஹிக்மன் ஆகிய இருவரும் எழுதிய ‘ட்ராகன்லான்ஸ்’ முந்நாவல் (1984–85) இவ்விடயத்தில் ஊன்றி நோக்கத்தக்கது. ஆட்டத்தை வெளியிட்ட ரி.எஸ்.ஆர். நிறுவனத்திலே ஹிக்மன் ஆட்டங்களை வடிவமைப்பவர். வைஸ் நூற்பதிப்புப் பகுதியிலே பணியாற்றியவர். வேறொரு எழுத்தாளருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை சரிவராது போகவே இவர்கள் தாமே எழுதத் தொடங்கினர். முதல் நாவலான ‘ட்ராகன்ஸ் ஒஃப் ஓட்டம் ட்வைலைட்’, அதே ஆண்டில் வெளியான ஆட்ட ஏடுகளை நெருங்கிப் பின்பற்றுகின்றது. அதன் விளைவு வெளிப்படையாகவே தெரிகிறது. பாழடைந்த நகரத்துக்குள்ளே வழி தேடும் பகுதியைப் படிக்கையில், நெறியாளர் கையிலுள்ள வரைபடத்தின் ஒவ்வோர் அறையையும் நாமும் எண்ணிச் செல்கின்றோம். கோல்ட்மூன் என்ற பெண் தன் தெய்வக்கோலைக் கொண்டு ட்ராகனை எதிர்த்து நீலத் தீயிலே மறைகின்றாள். சில பக்கங்களின் பின்னர் தேவதையின் சிலையடியிலே உயிரோடு காணப்படுகின்றாள். ஆட்டத்திலே இறந்த பாத்திரத்தை மீட்கும் வழிகள் உண்டல்லவா? அந்தச் சலுகை நாவலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாசகன் சிந்திய கண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாகிறது.

இரண்டாவது நாவலிலே நிலைமை மாறுகின்றது. ஆட்ட ஏடுகளிலே இரண்டினை நிரப்பிய குள்ளர் இராச்சியப் பயணம் முழுவதையும் ஆசிரியர்கள் தொடக்கத்திலே சுருங்கக் கூறிக் கடந்துவிடுகின்றனர். (விடுபட்ட அக்கதையை 2006 இல் தனி நாவலாக எழுதினர், விடுபட்டதால் நட்டமெதுவும் நேரவில்லை என்பதையே அது காட்டிற்று.) ஆட்டத்துக்கு முக்கியமானது நாவலுக்கும் முக்கியமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் உணர்ந்த இடம் அது. அதன் பயனை ஸ்டேர்ம் என்ற வீரனின் மரணத்திலே காண்கின்றோம். சீர்குலைந்துபோன ஒரு வீரர் சபையின் பழைய அறத்தை, அச்சபையினரே கைவிட்ட பின்னரும் பற்றி நிற்பவன் அவன். கோட்டைச் சுவரிலே தனியனாக நின்று, உள்ளே இருப்போர் ஆயத்தமாவதற்குச் சிறிது நேரம் ஈட்டிக் கொடுத்து இறக்கின்றான். அவனைக் கொல்பவள் கிற்றியாரா. ஒரு காலத்தில் அவனுடைய தோழர் கூட்டத்தைச் சேர்ந்தவள். இம்முறை எந்தச் சிலையடியிலும் அவன் எழுந்து வரவில்லை. அவன் வாழ்ந்த முறைக்கு வேறு முடிவு இருந்திருக்க முடியாது என்ற உணர்வு வாசகனுக்கு உண்டாகின்றது. நான் மேலே குறிப்பிட்ட மாற்றம் இங்கு நிகழ்ந்துவிட்டது.

ராய்ஸ்ட்லின் என்ற மந்திரவாதியும் அத்தகைய ஒரு படைப்பே. வான்ஸிடமிருந்து வந்த மறதி விதி இவனிடத்திலே மீண்டும் துயரமாகின்றது. மந்திரஞ் செய்தபின் இருமித் தளர்ந்து, அண்ணனின் தோளிலே சாய்ந்து, மறுநாட் காலையில் மீண்டும் ஏட்டைப் புரட்டும் நோயாளி அவன். அவனுடைய கண்மணிகள் மணற்கடிகை வடிவின. பார்ப்பதெல்லாம் மூத்து அழிவதையே அவை காண்கின்றன. ஆட்டத்தைப் பரிசோதனையாக ஆடியபோது அப்பாத்திரத்தை ஏற்ற நண்பரொருவர் கரகரத்த மெல்லிய குரலிலே பேசினாராம். அக்குரலே நாவலுக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஆட்டம் நாவலுக்கு அளித்த கொடைகளுள் இது சிறந்தது எனலாம். பகடை தராததை ஒரு மனிதக் குரல் தந்தது. மொழிநடை பல இடங்களில் சாதாரணமானது என்பதையும், நகைச்சுவை சில வேளைகளில் சலிப்பூட்டுவது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

இதற்கு நேர்மாறான உதாரணம் 1989 இல் ரிச்சர்ட் ஓலின்சன் என்ற பொதுப் புனைபெயரிலே வெவ்வேறு எழுத்தாளரைக் கொண்டு எழுதுவிக்கப்பட்ட ‘அவதார்’ முந்நாவல். அவ்வாண்டில் ஆட்டத்தின் விதிநூல் இரண்டாம் பதிப்புப் பெற்றது; கொலைஞன் என்னும் பாத்திர வகை புதிய பதிப்பிலே நீக்கப்பட்டது. நீக்கத்துக்குக் கதையுலகிலே ஒரு காரணம் வேண்டுமல்லவா? தெய்வங்கள் மண்ணிலே வீழ்த்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தன் வலிமையைப் பெருக்குவதற்காக அவ்வுலகத்துக் கொலைஞர் அனைவரின் உயிரையும் உறிஞ்சிவிடுகின்றது. திருத்தப் பட்டியலொன்று ஊழிப்பெருக்காக வேடந் தரித்து வந்தமை நகைப்புக்குரியதே. ஆயினும் ஒரு படிப்பினை இதில் உண்டு. ஒரு சாதி மக்கள் முழுவதும் மாண்ட பின்னரும் எவரும் அழாத நாவலிலே, மாண்டது ஓர் அட்டவணை வரிதான் என்பது தானே வெளிப்பட்டுவிடுகின்றது.

ஆர்.ஏ. சல்வடோரின் நாவல்கள் வேறொரு சிக்கலை எழுப்புகின்றன. ட்ரௌ எனப்படும் கருநிறத்து நிலத்தடி மக்கள் 1978 இல் ஆட்டத்துள் புகுந்தபோதே தீயோர் என விதிநூலிலே குறிக்கப்பட்டனர். ஓர் இனத்தின் குணம் முழுவதும் ஒரே வரியில்! சல்வடோரின் ட்ரிஸ்ற், 1988 இல் ‘த கிறிஸ்டல் ஷார்ட்’ நாவலிலே கதாநாயகனின் துணைவனாக அறிமுகமாகி, விரைவிலேயே கதாநாயகனைப் பின்தள்ளிவிட்டான். அவன் அந்த இனத்தவன், எனினும் நல்லவன். விதிநூலின் வரிக்கு எதிராக ஒரு மனிதனை நிறுத்தியமையே இந்நாவல்களின் வலு. ஆனால் அவன் விதிவிலக்காகவே நிற்கின்றான் என்பதும், விதிவிலக்கு விதியை அசைக்காது என்பதும் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. நல்லவன் ஒருவனைக் காட்டி ஏனையோர் தீயோரென்பதை உறுதிப்படுத்தும் வழக்கம் கதைகளுக்கு மட்டும் உரியதன்று. 2020 ஆம் ஆண்டில் ஆட்டத்தின் உரிமையாளரே இத்தகைய இனச் சித்திரிப்பை மாற்றப்போவதாக அறிவித்தனர். மறு ஆண்டு வெளிவந்த தமது நாவலிலே சல்வடோர் வேறு இயல்புடைய ட்ரௌ நகரங்களைக் காட்டினார். மாற்றம் வரவேற்கத்தக்கது. அது நாவலின் உள்ளிருந்து வந்ததா, நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து வந்ததா என்று வினவுவது மதிப்புரையாளனின் கடமை.

ஏனெனில் இப்பாத்திரங்கள் ஆசிரியருக்கு உரியனவல்ல. ரி.எஸ்.ஆர். நிறுவனம் 1997 இல் விசாட்ஸ் ஒஃப் த கோஸ்ற் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அதனை 1999 இல் ஹாஸ்ப்ரோ வாங்கிற்று. ஒவ்வொரு விற்பனையோடும் ராய்ஸ்ட்லினும் ட்ரிஸ்ற்றும் கைமாறினர். 2020 ஒக்டோபரிலே, உடன்படிக்கை செய்யப்பட்ட புதிய முந்நாவலை நிறுவனம் கைவிட்டதென வைஸும் ஹிக்மனும் வழக்குத் தொடுத்தனர். டிசெம்பரில் வழக்கு மீளப்பெறப்பட்டது. முதல் நூல் 2022 இல் வெளிவந்தது. தாம் படைத்த மாந்தரைப் பற்றி எழுதுவதற்கு அனுமதி பெற வேண்டிய நாவலாசிரியர் எதை எழுதாது விட்டிருப்பார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

இங்கிலாந்திலே ‘வோர்ஹாமர்’ ஆட்டத்தை நடத்திய கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம், தன் நூற்றொடருக்குப் பதிப்பாசிரியராக ‘இன்ரர்சோன்’ என்னும் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையின் ஆசிரியர் டேவிட் பிரிங்கிளை அமர்த்தியது. அவரூடாக வந்தவர்கள் ஏலவே பெயர்பெற்ற எழுத்தாளர்கள். இயன் வொட்சன் 1990 இல் ‘இன்குவிசிற்றர்’ நாவலைத் தமது சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். விஞ்ஞானப் புனைகதை வரலாறு பற்றி ஆய்வுநூல் எழுதியவரும், பல்கலைக்கழகத்திலே சமூகவியல் கற்பித்தவருமான பிரையன் ஸ்டேபிள்போர்ட், பிரையன் கிரெய்க் என்ற பெயருக்குள் மறைந்துகொண்டார். கிம் நியூமன் ஜாக் யோவில் ஆனார்.

யோவிலின் ‘ட்ராக்கன்பெல்ஸ்’ (1989) இவ்வகை நாவல்களுள் நான் படித்தவற்றிலே தலையாயது. வீரர் கூட்டமொன்று கொடிய மந்திரவாதியின் கோட்டைக்குட் புகுகின்றது. ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். ஈற்றிலே இளவரசன் ஒஸ்வால்ட் வெற்றிபெறுகின்றான். ஏனைய ஆசிரியர்களுக்கு ஒரு முழு நாவலுக்குப் போதுமான இக்கதை இங்கு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றது. இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் ஒஸ்வால்ட் தன் வெற்றியை நாடகமாக்க விரும்பி, கடனாளிச் சிறையிலே கிடக்கும் நாடகாசிரியன் டெற்லெவ் சியேர்க்கை மீட்டு, அதே கோட்டையிலே அதனை அரங்கேற்றச் செய்கின்றான். தப்பிப் பிழைத்தோருள் ஒருத்தி ஜெனவியேவ் என்னும் இரத்தக்காட்டேரி. இறுதிக் கணத்திலே அவள் உணர்விழந்து கிடந்தாள். வெற்றி எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு இளவரசனின் வாய்மொழி மட்டுமே சான்று. அரங்கேற்ற இரவிலே அச்சான்று பொய்யென்பதும், வெற்றியெனப் புகழப்பட்டது இளவரசனுக்கும் மந்திரவாதிக்கும் இடையிலான ஒப்பந்தமே என்பதும், மந்திரவாதியை மீட்பதற்கே நாடகம் நடக்கிறதென்பதும் தெரியவருகின்றன. ஆட்டக்காரர் மேசையைவிட்டு எழும்போது நிறைவுற்றதாக எண்ணும் கதையை நியூமன் எடுத்து, அதனை யார் கூறினார், எவருடைய நன்மைக்காகக் கூறினார் என்று கேட்கின்றார். அந்நூல் வெளிவந்தபோது அதன் அட்டையிலே கம்பனியின் சின்னம் இருந்தது. நியூமனின் பெயர் இருக்கவில்லை.